டெங்கு வைரஸ் லேபில் ஏன் நழுவுகிறது? பி.சி.ஆர். மெஷின் வாங்கும் முன் சில விஷயங்கள்

கூடலூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே நோயாளிக்கு உங்கள் லேபில் டெங்கு நெகட்டிவ், இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூரில் பாசிட்டிவ். டாக்டர் உங்களைப் பார்த்து முறைத்திருக்கிறார். ரத்தம், சிறுநீர், எச்சில் என்று எதிலிருந்தாவது டெங்கு, சிக்குன்குனியா மாதிரியான கொசு வைரஸ்களை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்க வழி உண்டா, வைரஸின் மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். மெஷினை நிர்வாகத்திடம் கேட்கலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: உடம்பில் வைரஸ் இருந்தும் நம் கைக்கு வந்த ட்யூபில் அது ஏன் அகப்படவில்லை? அதற்குப் பதில் தெரிந்தால் மெஷின் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும். நான் பல வருடம் வைரஸ் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவன், இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. அதனால் சிகிச்சை பக்கம் போகாமல் ட்யூபோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம், காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பது. டெங்குவில் காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே வைரஸ் ரத்தத்துக்கு வந்துவிடும். பொதுவாக காய்ச்சலின் ஐந்தாறு நாள் வரை இருக்கும், பிறகு மளமளவென்று குறையும். வைரஸ் பெருகும்போது வெளியே தள்ளும் என்.எஸ்.1 புரதம் முதல் நாளிலிருந்தே கிடைக்கும், சிலருக்கு ஒன்பதாம் நாள் வரைகூட நீடிக்கும். வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பெரும்பாலும் நாலு, ஐந்தாம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும். காய்ச்சல் வந்து ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 எலைசா (நிறமாற்றத்தை அளந்து பார்க்கும் லேப் டெஸ்ட்), அதற்கு மேல் என்றால் ஐ.ஜி.எம். எலைசா என்று அரசுத் திட்டம் பிரித்து வைத்திருப்பது இதனால்தான். சில நிமிடங்களில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட் பாசிட்டிவை மட்டும் வைத்து அரசுக் கணக்கில் டெங்கு என்று உறுதிசெய்வதில்லை. உங்கள் நோயாளிக்கு மூன்றாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்திருந்தால் நெகட்டிவ் வருவதில் ஆச்சரியமே இல்லை. கோவையில் பாசிட்டிவ் வந்ததற்கு அங்கே இருக்கும் மெஷினைவிட, இடையில் போன அந்த இரண்டு நாள் காரணமாக இருக்கலாம்.

இந்த நாள் கணக்கு ரெக்விசிஷன் ஃபார்மில் இருக்காது என்பதுதான் சங்கடம். வயது, பெயர், டெஸ்ட் பெயர் எல்லாம் இருக்கும், காய்ச்சல் தொடங்கிய தேதிக்கான கட்டம் காலியாக இருக்கும். எஸ்டேட் தொழிலாளி ஒருவர் வருகிறார் என்றால், கூலி போய்விடும் என்று பெட்டிக்கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் கொழுந்து பறித்துவிட்டு, முடியாத கட்டத்தில்தான் வந்திருப்பார். ‘எப்பம்மா காய்ச்சல் வந்துச்சு?’ என்று கேட்டால் ‘நேத்து ராத்திரிதான் சார்’ என்பார். கடுமையான காய்ச்சல் நேற்று வந்தது என்பது அவர் கணக்கு. ‘போன சந்தை நாள் அன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சு? அன்னைக்கு எத்தனை கிலோ பறிச்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், சரியான நாள் வெளியே வரும். ரத்தம் எடுக்கும் சிஸ்டருக்கு இந்த ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டாலே உங்கள் லேபின் தரம் கண்கூடாக மாறும். செலவு ஒரு ரூபாய் கிடையாது.

அடுத்தது ட்யூபும் பயணமும். பி.சி.ஆருக்குப் பச்சை மூடி ஹெப்பாரின் ட்யூப் ஆகவே ஆகாது, ஹெப்பாரின் அந்த வினையையே முடக்கிவிடும். ஊதா மூடி இ.டி.டி.ஏ. பிளாஸ்மாவோ சீரமோ எடுங்கள். சீரம் என்றால் ரத்தம் உறைய அரை மணி நேரம் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்பதைத் தனி ட்யூபுக்கு மாற்றிய பிறகே வண்டி ஏற வேண்டும். மலைக்காரர்கள் செய்யும் வழக்கமான தவறு ஒன்று உண்டு. பந்தலூரில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே வாக்சின் கேரியரில், ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்து, நடுவட்டம் ஏறி ஊட்டிக்கு அனுப்புவது. குலுங்கலும் உறைகுளிரும் சேர்ந்து சிவப்பணுக்கள் உடையும். ட்யூபைத் திறந்தால் இளமஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் ரோஜா நிறத்தில், மோசமானால் கருஞ்சிவப்பாக இருக்கும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் ஹீம் என்ற சிவப்பு நிறப்பொருள், பி.சி.ஆர். நொதிக்கு எதிரி, எலைசாவில் நிறத்தைக் குழப்பும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும் வரை காத்திருந்து, பிறகு ட்யூபுக்கும் பேக்குக்கும் நடுவே ஒரு பஞ்சு அடுக்கு வையுங்கள். தடுப்பூசி எடுத்துப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காக்களுக்கு இது கைவந்த கலை. அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஐ.ஜி.எம்., என்.எஸ்.1 இரண்டும் ஓரளவு முரட்டுச் சாமான்கள். ஃப்ரிட்ஜில் சில நாள் இருந்தாலும் பெரிதாகக் கெடாது. பி.சி.ஆர். தேடும் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ. அப்படியில்லை. பிரித்த சீரத்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து ஓரிரு நாளில் பார்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் மைனஸ் 70-க்கே போக வேண்டும். வீட்டு உபயோக ஃப்ரீசரை நம்பாதீர்கள். தானாகவே பனி உருக்கும் ரகம் என்றால் அது அவ்வப்போது உள்ளே சூடேற்றிக்கொள்ளும், ஆனி ஆடி மழையில் கூடலூரில் கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உருகி உருகி மறுபடி உறைந்த சீரத்தில் ஆர்.என்.ஏ. தேய்ந்துகொண்டே போகும். இதற்கு ஒரு நல்ல மாற்று, ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்ஷன் கிட்டில் வரும் லைசிஸ் பஃபரில் (வைரஸை உடைத்துத் திறக்கும் கரைசல்) சீரத்தை உங்கள் லேபிலேயே கலந்து அனுப்புவது. அதிலுள்ள குவானிடின் உப்பு ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளை அந்த இடத்திலேயே முடக்கிவிடும். எந்த பஃபர், எவ்வளவு அளவு என்று பரிசோதனை செய்யப்போகும் லேபோடு முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த பஃபர் சிந்தினால் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றித் துடைக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

இப்போது பி.சி.ஆருக்கு வருகிறேன். இதில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ‘எங்கள் மெஷின் ஒரு வைரஸைக்கூடப் பிடிக்கும்’ என்று விற்பனையாளர் சொல்வார். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வைரஸ் மெஷினுக்குள் போக வேண்டுமே. கணக்கைப் பாருங்கள். நோயாளியின் சீரத்தில் ஒரு மில்லிக்கு 60 வைரஸ் ஆர்.என்.ஏ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கிட்டில் 200 மைக்ரோலிட்டர் சீரம் எடுப்பீர்கள், அதில் இருப்பது 12. அதைப் பிரித்து 60 மைக்ரோலிட்டரில் இறக்குவீர்கள். அதிலிருந்து வினைக்குப் போவது 5 மைக்ரோலிட்டர், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆக பிரித்தெடுத்ததில் துளிகூட வீணாகவில்லை என்றாலும் மெஷினுக்குள் போவது சராசரியாக ஒன்றே ஒன்று. சராசரி ஒன்று என்றால் ஒவ்வொரு முறையும் ஒன்று விழும் என்று அர்த்தமில்லை, சில முறை இரண்டு விழும், சில முறை ஒன்றுமே விழாது. நிகழ்தகவுக் கணக்குப்படி 100 முறை செய்தால் சுமார் 37 முறை ட்யூபில் ஒன்றும் இருக்காது. ஒரே சீரம் காலையில் நெகட்டிவ், மாலையில் பாசிட்டிவ் என்று வருவதற்கு இதுவே போதும், யாரும் தப்பு செய்ய வேண்டியதில்லை.

அதே சீரத்தை 200-க்குப் பதில் ஒரு மில்லி எடுத்து, அதே 60-இல் இறக்கி, 5-க்குப் பதில் 10 மைக்ரோலிட்டர் போட்டால் உள்ளே போவது சராசரியாக 10. கோட்டை விடும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். மெஷின் அதே மெஷின், ரீஏஜெண்ட்டும் அதேதான். எத்தனையாவது பெருக்கச் சுற்றில் வைரஸ் தென்படுகிறது என்று காட்டும் சி.டி. மதிப்பில் சொன்னால் பத்து மடங்கு என்பது ஏறக்குறைய 3.3 சுற்று முன்னால் வருவது. நடைமுறையில் பிரித்தெடுப்பில் எப்போதும் கொஞ்சம் வீணாகும், வினைக்குள் அதிகம் ஊற்றினால் கூடவே தடைப்பொருட்களும் அதிகம் போகும், அதனால் பத்து மடங்கும் முழுசாகக் கிடைக்காது. சொற்ப வைரஸ் ஆர்.என்.ஏ. தொலையாமல் காக்கத் துணையாகக் கேரியர் ஆர்.என்.ஏ. சேர்ப்பது, காந்தமணி முறையில் நன்றாகக் கழுவுவது, வடிகட்டிக் குழாய் (column) வகை கிட் என்றால் கடைசிக் கழுவலுக்குப் பிறகு ஆல்கஹால் வாசனை போகும்வரை சுற்றி உலர்த்துவது இவையெல்லாம் அந்த இழப்பைக் குறைக்கும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், செலவை மிச்சப்படுத்த ஐந்து பேர் சீரத்தை ஒன்றாகக் கலந்து பார்ப்பதில் என்ன ஆகும் என்பதும் புரியும். ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துப்போய், இரண்டு சுற்றுக்கு மேல் தள்ளிப்போகும். சிக்குன்குனியாவின் முதல் இரண்டு மூன்று நாளில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், அப்போது அது பெரிய நஷ்டமில்லை. ஐந்தாம் நாள் டெங்குவில் அது பெரிய நஷ்டம்.

எந்தத் திரவம் என்ற கேள்விக்கு வைரஸுக்கு வைரஸ் பதில் மாறும். சிக்குன்குனியாவுக்கு முதல் வாரத்தில் சீரமே தாராளம். டெங்குவுக்கும் முதலிடம் ரத்தத்துக்குத்தான். ஜிகாவில் கதை வேறு. ரத்தத்தில் குறைவாகத்தான் இருக்கும், சீக்கிரம் போய்விடும், சிறுநீரில் அதைவிடக் கூடுதல் நாள் கிடைக்கும். அதனால் சீரத்தையும் சிறுநீரையும் சேர்த்தே எடுப்பது வழக்கம். 2017-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் 2021-இல் கேரளத்திலும் ஜிகா உறுதியானதால், எல்லையில் இருக்கும் நீங்கள் இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்க முடியாது. சிவப்பணுக்களோடு சேர்த்து முழு ரத்தத்தில் தேடினால் ஜிகா, வெஸ்ட் நைல் இரண்டும் சீரத்தைவிட நீண்ட நாள் தென்படும் என்பதும் உறுதியாகியிருக்கிறது. ஆனால் ஹீம் தொல்லையைச் சமாளிக்கும் நல்ல எக்ஸ்ட்ராக்ஷன் வேண்டும். மூளைக்காய்ச்சல் என்றால் முறை முற்றிலும் மாறுகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் மூளையைத் தாக்கும் கட்டத்தில் ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ அநேகமாக அகப்படாது. அங்கே தண்டுவட நீரில் ஐ.ஜி.எம். பார்ப்பதுதான் பிரதானம். பி.சி.ஆர். நெகட்டிவ் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து.

எச்சிலும் சிறுநீரும் டெங்குவுக்கு உதவுமா என்பதில் நான் தயங்குகிறேன். ஆர்.என்.ஏ.வும் என்.எஸ்.1-உம் இரண்டிலும் கிடைக்கின்றன என்பது சந்தேகமில்லாத விஷயம். ரத்தத்தில் வைரஸ் ஓய்ந்த பிறகும் சிலருக்குச் சிறுநீரில் தொடர்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகிறது. ரத்தத்தில் பாசிட்டிவ் ஆனவர்களில் கணிசமானவர்களுக்கு எச்சிலில் ஒன்றும் வருவதில்லை. ஊசிக்கு அலறும் குழந்தைக்கும், நரம்பு கிடைக்காத பாட்டிக்கும் அது ஒரு கூடுதல் வாய்ப்பு. பாசிட்டிவ் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், நெகட்டிவ் வந்தால் அதை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. சிறுநீர் எடுத்தால் உடனே குளிரில் வையுங்கள். யூரியாவும் உப்பும் வினையைத் தடுக்கும், ஆர்.என்.ஏ. வேகமாகச் சிதையும்.

உள்ளிருப்புக் கட்டுப்பாடு, அதாவது இன்டர்னல் கன்ட்ரோல் இல்லாத பி.சி.ஆர். கிட்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நோயாளியின் சொந்த மரபணு ஒன்றோ, நாம் தெரிந்தே சேர்க்கும் தீங்கற்ற ஒரு ஆர்.என்.ஏ.வோ கூடவே பெருக வேண்டும். வைரஸும் வரவில்லை, அதுவும் வரவில்லை என்றால் அது நெகட்டிவ் அல்ல, பரிசோதனையே நடக்கவில்லை. மூன்று வைரஸை ஒரே ட்யூபில் பார்க்கும் கிட்களில் இன்னொரு சிக்கல். ஒன்று ஏராளமாக இருந்தால் ரீஏஜெண்ட்டையெல்லாம் அதுவே தின்றுவிடும், பக்கத்தில் சொற்பமாக இருக்கும் இன்னொன்று எழும்பாது. சிக்குன்குனியா பலமாக வந்து டெங்கு சந்தேகமும் இருந்தால் டெங்குவைத் தனியாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். டெங்குவில் நான்கு வகை, ஒவ்வொன்றிலும் உட்பிரிவுகள். பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர் என்ற சிறு துணுக்கு ஒட்டும் இடத்தில், மரபணுவில் ஓரிரு எழுத்து மாறினாலும் பிடிப்பு தளரும். இந்தியாவில் இப்போது சுற்றும் ரகங்களில் சோதித்ததா என்று கிட் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

பி.சி.ஆர். மெஷினுக்கு வசதி இல்லாவிட்டால் மரபணுவைப் பெருக்கும் இன்னொரு வழியான லாம்ப் (LAMP) முறை இருக்கிறது. 60 முதல் 65 டிகிரி வரை ஒரே வெப்பத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு, அசுத்தங்களையும் ஓரளவு தாங்கும். ஆனால் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தாலும் முந்தைய வினையின் மிச்சம் காற்றில் பரவி எல்லாமே பாசிட்டிவ் ஆகும். முடிந்த ட்யூபை லேபுக்குள் திறக்கவே கூடாது. மரபணுவை வெட்டும் நொதியைக் கொண்டு வைரஸைத் தேடும் கிரிஸ்பர் முறைகள் ஆய்வுக்கட்டுரையில் அழகாக இருக்கின்றன, மலை லேபின் அன்றாடத்துக்கு இன்னும் வரவில்லை என்பதே என் கணிப்பு. போகிற போக்கில் ஒன்று. கொதிக்கும் நீரில் வைத்துச் சூடாக்கு என்று சில செய்முறைகளில் வரும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் எழுதிய செய்முறையை அப்படியே இங்கே செய்தால் சூடு போதாது. ஹீட் பிளாக் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உங்களிடம் இப்போது இருப்பது எலைசாவும் கார்டும்தான் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களிடம் பழைய எதிர்ப்பொருள் என்.எஸ்.1-ஐக் கட்டிப்பிடித்து மறைத்துவிடும், அதனால் டெஸ்ட் நெகட்டிவ் ஆகும், ஐ.ஜி.எம்.-உம் மந்தமாகவே எழும். நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதலாக இருப்பவர்களிடமே டெஸ்ட் கைவிடுகிறது. அமிலம் அல்லது வெப்பத்தால் அந்தக் கட்டைப் பிரித்துவிட்டு மறுபடி பார்த்தால் கூடுதல் பாசிட்டிவ்கள் வருகின்றன. ஆய்வாகச் செய்யலாம், கிட்டின் குறிப்பில் இல்லாத வரை நோயாளியின் ரிப்போர்ட்டில் எழுதக்கூடாது. நடைமுறை வழி, என்.எஸ்.1, ஐ.ஜி.எம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும், சந்தேகம் என்றால் சில நாள் கழித்து இரண்டாவது ரத்தம் கேட்பதும்தான். டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உங்கள் எல்லைக்கு அந்தப்புறம் வயநாட்டில் 2015-இல் பலரைப் பாதித்த உண்ணிவழிக் குரங்குக் காய்ச்சல் எல்லாம் ஒரே வைரஸ் குடும்பம். எதிர்ப்பொருள் டெஸ்டில் ஒன்று இன்னொன்றாக வேடம் போடும். சிக்குன்குனியா வேறு குடும்பம் என்பதால் அந்தக் குழப்பத்தில் சேராது.

டெஸ்ட் எங்கே செய்யப்படுகிறது என்பதும் முடிவின் அர்த்தத்தை மாற்றும். 90 சதவீதம் பேரைப் பிடித்து, டெங்கு இல்லாத 100 பேரில் 5 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். ஊட்டியின் குளிரில் ஏடிஸ் கொசுவுக்குள் வைரஸ் முதிர்வது கடினம். அங்கே வரும் டெங்கு பெரும்பாலும் மேட்டுப்பாளையம், கோவை போய்வந்தவர்கள் கொண்டுவருவது. அங்கே 100 காய்ச்சலில் 2 டெங்கு என்று வைத்தால் கார்டில் ஏறக்குறைய 7 பேர் பாசிட்டிவ், அதில் நிஜம் 2 கூட முழுசாக இல்லை. கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரம்தான். தோட்டங்களில் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு சௌக்கியமாக வளரும். அந்தக் கொசுவுக்கு வாகாக மாறிய சிக்குன்குனியா ரகம் 2007-இல் கேரளத்தில் பரவியதும் நினைவிருக்கட்டும். மழைக்காலத்தில் உங்களிடம் 100-இல் 30 டெங்கு என்று வைத்தால், அதே கார்டில் பாசிட்டிவ் ஆகும் சுமார் 30 பேரில் 27 பேர் நிஜம். ஆனால் 3 பேர் நெகட்டிவ் என்று சொல்லப்பட்டு வீட்டுக்குப் போவார்கள். ஊட்டி லேப் பாசிட்டிவைச் சந்தேகப்பட வேண்டும், நீங்கள் நெகட்டிவைச் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்பதானால் இந்த வரிசையில் கேளுங்கள்: முதலில் நல்ல சென்ட்ரிஃபியூஜ், பவர் பேக்கப் உள்ள ஃப்ரிட்ஜ், சரியான ட்யூப்கள், அப்புறம் இரண்டு எலைசாவையும் தொடர்ந்து செய்ய ரீஏஜெண்ட் பட்ஜெட். வாரத்துக்கு நாலைந்து சாம்பிளுக்காக பி.சி.ஆர். மெஷின் வாங்கினால் ரீஏஜெண்ட் காலாவதி ஆவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பிரித்த சீரத்தைப் பெரிய லேபுக்கு ஒழுங்காக அனுப்பும் ஏற்பாடே மேல். இன்னொன்றும் செய்யுங்கள். டெங்கு நெகட்டிவ் ஆன சீரத்தில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல், டாக்டரிடம் கேட்டு, பாக்டீரியாவால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். ஓட்டுங்கள். நம் மலையில் அது உண்டு, தட்டணுவையும் அது இறக்கும், ஆரம்ப நாட்களில் டெங்கு மாதிரியேதான் இருக்கும். டெங்குவுக்கு இல்லாத ஒன்று அதற்கு இருக்கிறது, நேரடியாக வேலை செய்யும் ஆன்டிபயாடிக். அந்த ரிப்போர்ட்டை மட்டும் மறுநாள் வரை வைத்திருக்காமல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.